ஃபிலோ டீச்சரின் வலது கை

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மூக்குக்கண்ணாடி தானாக ஆடியது.

நான் தலையை ஆட்டவில்லை. யாரும் என்னை இடிக்கவும் இல்லை. எதிரே ஒரு பையன் ஒரு பெரிய டிரம்மைக் காலால் மிதித்தான். இங்கே என் மூக்கின் மேல் கண்ணாடி ஒரு முறை எழும்பி உட்கார்ந்தது. அவன் விடாமல் மிதித்தான், கண்ணாடியும் விடாமல் எழும்பி எழும்பி உட்கார்ந்தது. கடைசியில் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டேன். ஒன்றும் நஷ்டமில்லை... கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெரிகிற தூரத்தில்தான் மேடை இருந்தது.

ஆமாம், ராக் கச்சேரி. முன்வரிசை. நானேதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். டிசம்பர் சீசனில் சபாவுக்குள் நுழைந்தால், கேன்டீனுக்குப் போகிற கதவு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்து நாற்காலியாகப் பிடிக்கிற ஆள் நான். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்தின்போது யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போகலாம் பாருங்கள். முன்வரிசைக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது.

நான் பார்த்த முன்வரிசைகள் எல்லாம் புத்தக வெளியீட்டு விழாக்களில். அங்கே சோபா போட்டிருப்பார்கள். சோபாவுக்கு முன்னால் ஒரு டீப்பாய், அதன் மேல் சின்ன தண்ணீர் பாட்டில், ஒரு தட்டில் முந்திரி. அதில் உட்காருகிறவர்கள் கடைசியாக வருவார்கள், முதலில் கிளம்புவார்கள், நடுவில் செல்போன் பார்ப்பார்கள். முன்வரிசை என்றால் இதுதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை அந்த டிரம்முக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியவர், எங்கள் மந்தைவெளி அப்பார்ட்மென்ட்டில் முதல் மாடியில் இருக்கிற ஃபிலோ டீச்சர்.

ஃபிலோமினா என்பது முழுப் பெயர். ரிட்டயர் ஆன பிறகும் 'டீச்சர்' பெயரை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு, கோயிலில் பாட்டு. சாந்தோம் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகியும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறந்த வீட்டுப் பங்குக் கோயிலுக்குத்தான் போவார். அங்கே பாடகர் குழுவை நடத்துவது டீச்சர்தான்.

எப்படி நடத்துவார்? வலது கையால்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழுவைப் பார்த்து நின்றார். வாயைத் திறக்கவே இல்லை. ஆள்காட்டி விரல் நிமிர்ந்தால் பாட்டு தொடங்க வேண்டும். உள்ளங்கை கீழே இறங்கினால் குரல் இறங்க வேண்டும். விரல்கள் மூடினால்... நிறுத்து. அத்தனை பேரும் அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு பாடினார்கள்.

வருஷக்கணக்கில் இது பழகிப்போனதில் அந்தக் கை இப்போது டீச்சர் சொல்வதைக் கேட்பதில்லை. கீரைக்காரம்மா விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது டீச்சரின் விரல்கள் தாமாக மூடும். அந்தம்மாவும் பாதியில் நிறுத்திவிடுவார். ஏன் நிறுத்தினோம் என்று அவருக்கே தெரியாது.

அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே பாடக் கற்றுக்கொண்டவள் ஜெனி, டீச்சரின் ஒரே மகள். வேலை பார்ப்பது ஒரு விளம்பரக் கம்பெனியில். மற்ற நேரமெல்லாம் ஒரு ராக் பேண்டில் பாடுகிறாள். பேண்டின் பெயர், 'தண்ணி லாரி'.

சிரிக்காதீர்கள். அவர்கள் பயிற்சி செய்வது ஈக்காட்டுத்தாங்கலில், டிரம்மருடைய மாமாவின் லேத் பட்டறையில். ஞாயிற்றுக்கிழமை லேத் ஓடாது. ஆனால் தெருவுக்குத் தண்ணி லாரி வரும், விடாமல் ஹார்ன் அடிக்கும். ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் நிறுத்தி, லாரி போனதும் ஆரம்பித்து... அதையே பெயராக வைத்துவிட்டார்கள். சினிமாப் பாட்டு பாட மாட்டார்கள். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, தமிழில் ராக். 'இண்டி' என்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று ஜெனியிடம் கேட்டேன். "எங்களை நாங்களே பார்த்துக்கறோம்னு அர்த்தம் ஆன்ட்டி" என்றாள்.

நல்ல அர்த்தம்தான். ஆனால் அம்மாவின் கை சும்மா இருக்க வேண்டுமே.

நாலைந்து மாதம் முன்னால் அடையாறில் ஒரு காபி ஷாப் மாடியில் இவர்கள் சின்னதாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். டீச்சர் ஆசையாகப் போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். கிடார் ஆரம்பித்தது. பாட்டு தொடங்கும் முன் கிடார் இன்னும் ஒரு சுற்று வர வேண்டும். அதற்குள் டீச்சரின் வலது கை மேலே போய், ஆள்காட்டி விரல் நிமிர்ந்துவிட்டது. ஜெனி பாட ஆரம்பித்துவிட்டாள்.

கிடார் ஒரு இடத்தில், டிரம் ஒரு இடத்தில், ஜெனி ஒரு இடத்தில். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். இப்போது ஜெனியின் கண் அம்மாவின் மடிக்கே போய் நின்றது. டீச்சர் கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டார். கை தெரியவில்லை என்றதும் ஜெனிக்குப் பாட்டே வரவில்லை. மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டில் அவள் சண்டை போடவில்லை என்பதுதான் டீச்சருக்கு இன்னும் வருத்தம். அமைதியாகச் சொன்னாளாம். "அம்மா, உன் கையைப் பார்த்துட்டா எனக்கு மத்த எதுவும் காதுல விழ மாட்டேங்குது. கிண்டி ஷோவுக்கு நீ வராத. அங்கயும் இப்படி ஆச்சுன்னா நான் இனிமே மைக்கைத் தொட மாட்டேன்."

கிண்டி ஷோ என்பது போன சனிக்கிழமை நடந்தது. தண்ணி லாரி தனியாக, முழுதாக நடத்துகிற முதல் பெரிய கச்சேரி. எனக்கு ஜெனி டிக்கெட் அனுப்பியிருந்தாள். அனுப்பியது தெரிந்ததும் டீச்சர் மாடி ஏறி வந்தார்.

"அக்கா, உங்க போன்ல எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்க."

"டீச்சர், அவ வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காளே."

"அவ என்னைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே? அவ பாடறதை நான் கேட்கக் கூடாதுன்னு சொல்லலியே."

கணக்கு டீச்சரிடம் வாதாட முடியுமா?

"கடைசியில சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கறேன். கையைப் பைக்குள்ள போட்டுக்கறேன். முடிஞ்சதும் அவளுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து படுத்துக்கறேன். அவ மைக்கை விட்டுட்டான்னா... அதுக்கு நான் காரணமாயிட்டேன்னா..." டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கும் உள்ளூர ஆசைதான். இந்தப் பத்திக்கு ஒரு விஷயம் கிடைக்குமே என்கிற அல்ப ஆசையும் அதில் கொஞ்சம் உண்டு.

ஆட்டோக்காரருக்கு எங்கள் மேல் நம்பிக்கையே வரவில்லை.

"இன்னாமா, சனிக்கெழம சாய்ங்காலத்துல கிண்டி எஸ்டேட்டுக்குப் போறீங்கோ. கம்பெனில்லாம் லீவாச்சே."

"கச்சேரிக்குப் போறோம். ராக் கச்சேரி" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். டீச்சர் வெங்காயச் சருகு நிறத்தில் புடவை, கழுத்தில் சிலுவைச் செயின். நான் காதி புடவை, கையில் குடை. "எறங்குற எடத்துலயே நிக்கவா? உள்ள போயிட்டு ஒடனே வந்துருவீங்கோ" என்றார்.

ஊரெல்லாம் முன்னால் இடம் பிடிக்கச் சீக்கிரம் போகும். நாங்கள் பின்னால் இடம் பிடிக்க அதைவிடச் சீக்கிரம் போனோம். பழைய தொழிற்சாலை ஷெட் ஒன்றைக் கழுவி, கறுப்புச் சாயம் அடித்து, கச்சேரி நடத்துகிற இடமாக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் ஒரு பெண் கைப்பையைத் திறந்து பார்த்து, முறுக்குப் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றாள். சபாவில் வெளியே வைக்க வேண்டியது செருப்பு மட்டும்தான்.

பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனோம். நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கோடியில் உயரமாக மேடை. ஏறிப் போகப் படி, மேலே மேஜை, அதில் பொத்தான் பொத்தானாக ஒரு பெரிய பெட்டி, லேப்டாப், விளக்குகள், ஒரு மைக். இரண்டு பேர் அங்கே நின்று 'செக்... செக்...' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கோடியில் ஒன்றுமே இல்லை. இருட்டு. சுவரை மறைத்து ஒரு கறுப்புத் துணி. அதற்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு.

டீச்சர் ஒரு பார்வையில் முடிவு செய்துவிட்டார். "அது மேடை. இது பின்சுவர். சாஞ்சுக்கக் கம்பிகூட வச்சிருக்காங்க பாருங்க." இருட்டுப் பக்கமாகப் போய், தடுப்பின் நடு இடத்தில் தன் கைக்குட்டையை முடிச்சுப் போட்டு இடம் பிடித்தார். நானும் பக்கத்தில் என் குடையை மாட்டினேன். இரண்டு பேரும் கம்பியில் சாய்ந்துகொண்டு, தூரத்தில் இருந்த மேடையைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கூட்டம் வர ஆரம்பித்தது. இளவட்டம்தான். வந்தவர்கள் எல்லோரும் நேரே எங்களை நோக்கியே வந்தார்கள். எங்களுக்கு இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கறுப்புத் துணியைப் பார்த்து நின்றார்கள். இடம் கிடைக்காதவர்கள் எங்களுக்கு எதிரே நின்று எங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

"இந்தக் காலத்துப் பசங்க மேடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதுங்க. பாடறவங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார் டீச்சர். பள்ளிக்கூடமாக இருந்தால் எல்லோரையும் திருப்பி நிறுத்தியிருப்பார்.

என் பக்கத்தில் ஒரு கனத்த ஆள் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். முழங்கை வரைக்கும் பச்சை குத்தல். கொஞ்ச நேரம் எங்களையும் நாங்கள் பார்க்கிற திசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆன்ட்டி, அப்டி இன்னாத்த பாத்துக்கினு கீறீங்க?"

"மேடையைத்தான் தம்பி."

"அது சவுண்டு பெட்டி வெக்கிற எடம்மா. ஸ்டேஜு உங்க முதுகாண்ட கீது."

திரும்பினேன். கறுப்புத் துணி லேசாக அசைந்தது. அதன் அடியில் ஒரு ஜோடிக் கால்கள் குறுக்கே நடந்து போயின. பச்சைக் கான்வாஸ் ஷூ. அந்த ஷூவை எங்கள் அப்பார்ட்மென்ட் படிக்கட்டில் தினமும் பார்க்கிறேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது.

"மாதாவே" என்றார் டீச்சர்.

வெளியே போய்விடலாம் என்று பார்த்தால், எங்களுக்குப் பின்னால் கதவு வரைக்கும் தலைதான். நான் அந்த ஆளிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். பாடுகிற பெண்ணின் அம்மா, பார்த்தால் பாட்டு நின்றுவிடும், எப்படியாவது வெளியே போக வேண்டும்.

அவர் பெயர் டில்லிபாபு. ராயப்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாராம். தண்ணி லாரி எங்கே பாடினாலும் கடையை மூடிவிட்டு வந்துவிடுகிற ஆள். விஷயத்தைக் கேட்டதும் சீரியஸாக யோசித்தார்.

"இப்ப வெளிய போவ முடியாதுமா, நசுங்கிப் பூடுவீங்கோ. ஒண்ணும் பயப்படாத. லைட்டு அவுங்க மூஞ்சிலதான் அடிக்கும். நம்ப மூஞ்சி அவுங்களுக்குத் தெரியாது. கம்முனு நில்லு."

டீச்சர் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். வலது கையை என்னிடம் நீட்டினார். "அக்கா, இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. என்ன ஆனாலும் விடாதீங்க."

பிடித்துக்கொண்டேன். துணி விலகியது.

அந்த நிமிஷம்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நாங்கள் நின்றது நட்ட நடுவில், ஜெனியின் மைக்குக்கு நேர் எதிரே. ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாடுகிறவளைப் பார்த்துக்கொண்டு... கோயிலில் டீச்சர் நிற்கிற அதே இடம்.

கூட்டம் ஒரே குரலில் 'பாம்... பாம்...' என்றது. லாரி ஹார்னாம். இவர்களுடைய கச்சேரி அப்படித்தான் ஆரம்பிக்குமாம். அப்புறம் அந்த டிரம், அப்புறம் என் கண்ணாடி. அந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சத்தம் என்று சொன்னால் அது பொருந்தாது. சத்தம் காதில் கேட்பது. இது கம்பி வழியாகக் கைக்குள் வந்தது, தரை வழியாகக் குதிகாலில் ஏறியது, நெஞ்சுக்கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டில்லிபாபு இரண்டு ஜோடிப் பஞ்சு உருண்டைகளைக் கொடுத்து, காதைச் சுட்டிக்காட்டினார். வைத்துக்கொண்டதும் பாட்டு தெளிந்தது. பஞ்சு வைத்த பிறகு நன்றாகக் கேட்கிறது என்று நான் எழுதுவதை என் டாக்டர் நம்ப மாட்டார்.

முன்வரிசையிலிருந்து என்னவெல்லாம் தெரிகிறது என்று நினைக்கிறீர்கள்? கிடார்க்காரன் வெறுங்காலோடு நிற்கிறான். தரையில் வரிசையாக வைத்திருக்கிற சின்னச் சின்னப் பெட்டிகளைக் கட்டைவிரலால் அமுக்கி ஒலியை மாற்றுகிறான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நாலு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார்கள். ஜெனி வரியைத் தொடங்கும் முன்னால் மூச்சு எடுப்பது மைக் இல்லாமலே கேட்கிறது. எனக்குக் கேட்டது என்றால் டீச்சருக்கு? குனிந்த தலையோடு ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தார். "சரியான இடத்துல எடுக்கறா" என்று என் காதருகே சொன்னார்.

தண்ணிக் குடத்தோடு வரிசையில் நிற்பது பற்றி ஒரு பாட்டு. மாடியில் காயப்போட்ட துணி காணாமல் போவது பற்றி இன்னொன்று. எல்லாம் நம் தெருச் சமாசாரம்தான். எல்லோரும் குதித்தார்கள். டில்லிபாபுவும் அவர் நண்பர்களும் மட்டும் குதிக்காமல், கையைக் கோத்து எங்களுக்குப் பின்னால் அரைவட்டமாக நின்று, எங்கள் மேல் யாரும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு வரி விடாமல் பாடினார்கள். முந்திரித் தட்டு வைத்த சோபாவை நினைத்துக்கொண்டேன். எந்த விழாவில் எந்த முன்வரிசைக்காரர், மேடையில் இருப்பவர் எழுதிய ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார்?

எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? கால் வலித்தது, தாகம் எடுத்தது, பிடித்திருந்தது. ஜெனி இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிப் போட்டபோது, இந்தப் பெண்தான் எனக்குக் கடையில் தோசை மாவு வாங்கிக் கொடுத்து உதவுகிற பெண்ணா என்று ஆச்சரியமாக இருந்தது.

டீச்சரின் கையை நான் எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. மாடித் துணிப் பாட்டு முடிந்தபோது என்று நினைக்கிறேன். தட்டுவதற்கு எனக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.

அப்புறம் விளக்கெல்லாம் இறங்கியது. மெதுவான பாட்டு. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கேட்டு வாங்கிய ஒரு பெண், மழை வந்ததும் ஜன்னலை மூடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறாள். கதை அவ்வளவுதான். கிடார் மட்டும் வாசித்தது. ஜெனி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

*ஜன்னல் சீட்டு கேட்டவளே
ஜன்னலை ஏன் சாத்துற...*

அடுத்த வரிக்கு மூச்சு எடுத்தாள். கண்ணைத் திறந்தாள். வரி வரவில்லை.

கிடார்க்காரன் அதே சுற்றை மறுபடி வாசித்தான். ஜெனி வாயைத் திறந்தாள், மூடினாள். இன்னும் ஒரு சுற்று. அவள் முகத்தில் அடையாறு தெரிந்தது. மைக்கின் மேல் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதை நான் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் நிற்பதில் இது ஒரு கஷ்டம், எல்லாமே தெரிந்துவிடுகிறது.

அப்போதுதான் எனக்குக் கை ஞாபகம் வந்தது. திரும்பினேன்.

டீச்சரின் வலது கை இடுப்பு உயரம் வந்துவிட்டிருந்தது. ஆள்காட்டி விரல் நிமிர ஆரம்பித்திருந்தது. நான் பிடிப்பதற்குள் அவருடைய இடது கை வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, இழுத்து, நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. அந்த வரி டீச்சருக்குத் தெரியும். பக்கத்து அறையிலிருந்து மாதக்கணக்கில் கேட்ட வரி. உதட்டைக்கூட அசைக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

யாரோ பாடினார்கள்.

*நனைஞ்சாத்தான் தப்பா...*

டில்லிபாபு. சுருதி எங்கேயோ இருந்தது. குரல் ராயப்பேட்டை மார்க்கெட்டில் கூவுகிற குரல். அடுத்த முறை அவருடைய நண்பர்கள் சேர்ந்துகொண்டார்கள், அதற்கடுத்த முறை முன்வரிசை முழுவதும், அப்புறம் ஷெட் முழுவதும். சத்தமாக இல்லை... மெதுவாக, அந்தப் பாட்டுக்கு வேண்டிய அளவு மெதுவாக. யார் கையும் அவர்களை நடத்தவில்லை.

ஜெனி பாடவில்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தலையைச் சாய்த்து, கிடாரைக் கேட்டாள், கூட்டத்தைக் கேட்டாள். அப்புறம் நிதானமாக மூச்சு எடுத்து, அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு கச்சேரி முடிகிற வரைக்கும் அவள் கண்ணை மூடவே இல்லை.

நானும் பாடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடினால் எங்கள் வீட்டில் ஜன்னலை மூடுவார்கள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜெனி மேடையிலிருந்து குதித்து, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறங்கினாள். முன்வரிசையின் ஒரு கோடியிலிருந்து கைகளைத் தொட்டுக்கொண்டே வந்தாள். எல்லோரும் கையை நீட்டினார்கள். டில்லிபாபு இரண்டு கையையும் நீட்டினார். "தங்கச்சி, சூப்பர்மா" என்றார். என் கையைத் தொட்டாள்.

டீச்சர் கையை நீட்டவில்லை. முக்காடு போட்டுக் குனிந்தபடி, வலது கையை இடது கையால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஜெனி அங்கே நின்றாள். அம்மாவின் இடது கை விரல்களை மெதுவாகப் பிரித்தாள். உள்ளே இருந்த வலது கையை வெளியே எடுத்து, தன் கன்னத்தில் ஒரு தடவை வைத்துக்கொண்டாள். அப்புறம் அடுத்த கையைத் தொடப் போய்விட்டாள்.

வெளியே வந்து முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு டீக்கடை ஓரமாக நின்றோம். ஜெனி வந்தாள், சட்டையெல்லாம் வியர்வை. பொட்டலத்தை வாங்கிப் பிரித்து ஒரு முறுக்கைக் கடித்தாள்.

"எப்போ பார்த்தே?" என்றார் டீச்சர்.

"துணி வெலகினதுமே. அத்தனை பேரும் கத்திக்கிட்டிருக்காங்க. நட்ட நடுவுல நீ மட்டும் கோயில் பூசையில நற்கருணை அப்பம் வாங்க நிக்கற மாதிரி முக்காடு போட்டுக்கிட்டு நிக்கற. எப்படிம்மா தெரியாம போகும்?"

"லைட்டு அடிக்கும், உனக்குத் தெரியாதுன்னு அந்தத் தம்பி சொன்னாரே."

"பின்னாடி இருக்கறவங்க தெரிய மாட்டாங்க. முன்வரிசை மட்டும்தான் தெரியும்."

டீச்சர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப அந்த வரி... என்னாலதான் மறந்துதா?"

பொய் சொல்லத் தெரியாத பெண். "ஆமா" என்றாள். "உன் கை வரப் போகுதுன்னே பாடிக்கிட்டிருந்தேன். வரவே இல்ல. ஏன் வரலைன்னு யோசிச்சதுல வரி போயிடுச்சு."

டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் முறுக்கைப் பார்த்தேன்.

"ஆனா அதுக்கப்புறம் எனக்கு மத்ததெல்லாம் காதுல விழுந்துதும்மா" என்றாள் ஜெனி. "கிடாரு, டில்லி அண்ணன், ஆன்ட்டிகூட. எல்லாரும் விழுந்தாங்க."

ரோட்டின் எதிர்ப்பக்கம் டில்லிபாபு பைக்கை உதைத்துக்கொண்டே இன்னும் அந்த வரியைத்தான் பாடிக்கொண்டிருந்தார். சுருதி அதே எங்கேயோதான்.

"அடுத்த மாசம் தி. நகர்ல ஒரு ஷோ இருக்கு" என்றாள் ஜெனி. "நீ வா. ஆன்ட்டியையும் கூட்டிக்கிட்டு வா. ஒளியாத, முன்னாடியே நில்லு. கை உன் இஷ்டம்."

டீச்சர் முக்காட்டை எடுத்து, முந்தானையை உதறிச் சரி செய்துகொண்டார். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சரின் குரல் திரும்பி வந்திருந்தது.

"கையை நான் பார்த்துக்கறேன். நீ மேடை எந்தப் பக்கம்னு மட்டும் முதல்லயே சொல்லிடு."